ஆபரேஷன் முடியாது என்று சொன்ன பிறகு: ஓர் அரிய கட்டியும், அதைத் தேடிப் போகும் கதிரியக்க அயோடினும்

1.
போன வாரம் இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய அம்மாவுக்கு அட்ரீனல் சுரப்பியில் கட்டி. எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. "ஆபரேஷன் முடியாதுன்னு சொல்லிட்டாங்க சார். நியூக்ளியர் மெடிசின்ல ஒரு ஊசி போடலாம்னு சொல்றாங்க. உள்ளேயிருந்து கரண்ட் வைக்கிற மாதிரியாம். நிஜமாவே பலன் இருக்கா, இல்ல எங்க மனசு ஆறணும்னு சொல்றாங்களா?"

அவருக்கு நாலு வரியில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் 140 வருஷ சரித்திரம் இருக்கு. "ஆபரேஷன் முடியாது" என்ற வார்த்தை நம் ஊரில் பலர் காதில் "கைவிட்டாச்சு" என்றுதான் விழுகிறது. ரெண்டும் ஒண்ணு இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட இழை. டீ எடுத்துக்கொண்டு உட்காருங்க.

2.
முதல்ல அடிப்படை. நம் ரெண்டு கிட்னிக்கும் மேலே தொப்பி மாதிரி ஆளுக்கொரு சின்ன சுரப்பி உட்கார்ந்திருக்கும். அதுதான் அட்ரீனல். வெளிப்பகுதி ஸ்டீராய்டு வகை ஹார்மோன்களைச் சுரக்கும். நடுப்பகுதி அட்ரீனலின், நார் அட்ரீனலின் சுரக்கும்.

இருட்டில் போகும்போது நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தால் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், உள்ளங்கை வியர்க்கும், பிரஷர் ஏறும். அந்த வேலையைச் செய்வது இந்த நடுப்பகுதிதான். நாய் போனதும் எல்லாம் அடங்கிவிடும்.

நாயே இல்லாமல், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த வெள்ளம் திறந்துகொண்டால்?

3.
அதுதான் இந்தக் கட்டி. பெயர் ஃபியோகுரோமோசைட்டோமா. இதே வகை செல்கள் அட்ரீனலுக்கு வெளியே, கழுத்திலோ வயிற்றிலோ முதுகெலும்பை ஒட்டியோ கட்டியானால் பாராகேங்லியோமா என்போம். அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திடீர் தலைவலி, தெப்பலாக வியர்வை, படபடப்பு. கூடவே பிரஷர் 200-ஐத் தாண்டும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஈ.சி.ஜி எடுக்கும் நேரத்தில் ஆள் நன்றாக இருப்பார். அதனால் "டென்ஷன்", "பயம்" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் நானும் இப்படி வந்த சிலரிடம் "மனசை அமைதியா வச்சுக்கோங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு அது நிஜமாகவே பதற்றம்தான். எல்லோருக்குமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது.

வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் 2 முதல் 8 பேருக்குத்தான் இது புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. அவ்வளவு அரிது.

4.
இப்போ 1886-க்குப் போவோம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரம். 18 வயதுப் பெண் ஒருத்தி மருத்துவமனைக்கு வருகிறாள். திடீர் திடீரென்று படபடப்பு, தலைவலி, வாந்தி, கண்ணின் விழித்திரையில் பாதிப்பு. அந்தக் காலத்தில் கையில் கட்டிப் பார்க்கும் பிரஷர் கருவியே கிடையாது. என்ன நோய் என்று புரிவதற்குள் இறந்துபோகிறாள்.

பிரேதப் பரிசோதனையில் ரெண்டு அட்ரீனலிலும் கட்டி. ஃபெலிக்ஸ் ஃப்ராங்கெல் என்ற மருத்துவர் இதை விவரமாக எழுதி வைத்தார். மருத்துவ உலகில் இந்த நோயின் முதல் தெளிவான பதிவாக இதைத்தான் சொல்கிறோம். இந்தப் பொண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் திரும்ப வருவாள்.

5.
1912-ல் லுட்விக் பிக் என்ற ஜெர்மன் நோயியல் நிபுணர் கட்டிக்குப் பெயர் வைத்தார். குரோமியம் உப்பு பட்டால் இந்தச் செல்கள் பழுப்பாகக் கறுக்கும். கிரேக்கத்தில் "கறுத்த நிறமுள்ள செல்" என்று பொருள் வரும்படி அந்த வாயில் நுழையாத பெயர்.

1926-ல் ரெண்டு பேர் தனித்தனியாக இந்தக் கட்டியை வெட்டி எடுத்து, நோயாளியையும் உயிரோடு காப்பாற்றினார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சீசர் ரூ. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் சார்லஸ் மேயோ. மேயோவின் நோயாளி ஒரு கன்னியாஸ்திரீ. கத்தி வைக்கும்போது அது என்ன கட்டி என்றே மேயோவுக்குத் தெரியாது. திறந்து பார்த்தார், கட்டி இருந்தது, எடுத்தார், பிரஷர் இறங்கியது.

6.
ஆனால் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. இந்தக் கட்டியைக் கையால் தொட்டாலே உள்ளே இருக்கும் அட்ரீனலின் மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். பிரஷர் எகிறும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும். கட்டியை எடுத்த அடுத்த நிமிஷம் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும். ஆபரேஷன் மேஜையிலேயே பலர் இறந்திருக்கிறார்கள்.

1950-களில் ஆல்ஃபா பிளாக்கர் மருந்துகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆபரேஷனுக்கு முன் ஒன்றிரண்டு வாரம் பினாக்ஸிபென்ஸமின், பிரசோசின் மாதிரி மருந்து கொடுத்து, சுருங்கிக் கிடக்கும் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி, உப்பும் நீரும் சேர்த்து உடம்பைத் தயார் செய்வோம். பீட்டா பிளாக்கரை முதலில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பிரஷர் இன்னும் ஏறும். இன்றைக்கும் மாணவர்களுக்கு வைவாவில் கேட்கப்படும் கேள்வி இது.

இன்று முறையாகத் தயார் செய்து, அனுபவமுள்ள குழு செய்தால் இது பாதுகாப்பான ஆபரேஷன். பெரும்பாலோர் குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள். ஆபரேஷன் செய்ய முடிந்தால் முதல் சிகிச்சை அதுதான். இதில் குழப்பமே வேண்டாம்.

7.
அப்போ முடியாதவர்கள் யார்? மூணு வகையாகப் பிரிக்கலாம். கட்டி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி வளைத்திருக்கும். அல்லது எலும்பு, கல்லீரல், நுரையீரல் என்று பல இடங்களில் பரவியிருக்கும். அல்லது இதயம் பலவீனமாகி, மயக்க மருந்தையே தாங்காத உடம்பாக இருக்கும்.

இவர்களுக்கு ரொம்ப காலம் பிரஷர் மாத்திரை மட்டும்தான் இருந்தது. வெளியிலிருந்து கரண்ட் வைக்கலாமே என்றால், இந்தக் கட்டி கதிருக்கு மசியாது என்ற எண்ணம் மருத்துவர்களிடம் வெகுகாலம் இருந்தது. குடல், கிட்னி, தண்டுவடம் எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் பெரிய அளவு கதிரும் கொடுக்க முடியாது.

(இன்றைக்கு நிலைமை வேறு. துல்லியமாகக் குறிவைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. கழுத்து, தலைப் பகுதி பாராகேங்லியோமாவுக்கு வெளிக்கதிர் நன்றாகவே கட்டுப்பாடு தருகிறது. எலும்பில் பரவி வலி எடுத்தாலும் பயன்படுத்துகிறோம்.)

ஆனால் பத்து இடத்தில் பரவிய கட்டிக்கு வெளியிலிருந்து எத்தனை இடத்தில்தான் குறிவைப்பது?

8.
பதில் வேறொரு சுரப்பியிலிருந்து வந்தது. தைராய்டு.

1936 நவம்பர் 12. அமெரிக்காவின் பாஸ்டனில் மருத்துவர்களுக்கு ஒரு சொற்பொழிவு. பேசியவர் எம்.ஐ.டி தலைவர் கார்ல் காம்ப்டன், இயற்பியலாளர். பேச்சு முடிந்ததும் சால் ஹெர்ட்ஸ் என்ற தைராய்டு மருத்துவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக மாற்ற முடியுமா?

ஏன் கேட்டார்? தைராய்டு அயோடினை விழுந்து விழுந்து சாப்பிடும். அந்தச் சாப்பாட்டிலேயே கதிரை வைத்துவிட்டால், அது தானாகவே கதிரை உள்ளே இழுத்துக்கொள்ளுமே!

முடியும் என்று பதில் வந்தது. 1941 மார்ச் 31-ல் ஹெர்ட்ஸ் முதல் நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். 1946-ல் நியூயார்க்கின் சாமுவேல் சீட்லின் குழு, உடம்பெங்கும் பரவிய தைராய்டு புற்றுநோயிலும் இது வேலை செய்வதை வெளியிட்டது. எங்கெல்லாம் பரவியிருந்ததோ அங்கெல்லாம் மருந்து தானே போய்ச் சேர்ந்தது. யாரும் குறிவைக்க வேண்டியிருக்கவில்லை.

9.
சரி, அட்ரீனலுக்கும் அதையே கொடுக்கலாமே? முடியாது. அட்ரீனலின் நடுப்பகுதிக்கு அயோடின் மேல் ஆசையே கிடையாது.

அதற்கு எதன் மேல் ஆசை? அந்தப் பதிலுக்கு வழி காட்டியவர் ஜூலியஸ் ஆக்ஸல்ராட். நரம்பு முனைகள் தாங்கள் வெளியே விட்ட நார் அட்ரீனலினை வீணாக்காமல் மறுபடி உள்ளே உறிஞ்சிக்கொள்கின்றன என்று கண்டுபிடித்தவர். 1970-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர். இந்தக் கட்டியின் செல்களிலும் அதே உறிஞ்சும் வாசல் இருக்கிறது.

ஆக, நார் அட்ரீனலின் மாதிரி வேஷம் போட்ட ஒரு மூலக்கூறு வேண்டும். அதன் முதுகில் கதிரியக்க அயோடின் உட்கார வேண்டும்.

10.
அமெரிக்காவின் ஆன் ஆர்பர் ஊரில் மிச்சிகன் பல்கலைக்கழகம். அங்கே வில்லியம் பயர்வால்டெஸ் நடத்திய நியூக்ளியர் மெடிசின் பிரிவில் டொனால்ட் வீலண்ட் என்ற வேதியியலாளர் வேலை பார்த்தார். அப்போது குவானெதிடின், பிரெடிலியம் என்று இரண்டு மருந்துகள் இருந்தன. குவானெதிடின் பிரஷருக்கான மாத்திரை. ரெண்டுமே இந்த நரம்பு முனைகளுக்குள் நுழையக்கூடியவை. இரண்டின் அமைப்பிலிருந்தும் ஆளுக்கொரு பகுதியை எடுத்து இணைத்து, அதில் அயோடினைப் பொருத்தினார்.

அந்தப் பொருள்தான் மெட்டா அயோடோ பென்ஸைல் குவானிடின். சுருக்கமாக எம்.ஐ.பி.ஜி. 1980-ல் கட்டுரை வந்தது. நாயிலும் குரங்கிலும் சோதித்தார்கள். அட்ரீனலின் நடுப்பகுதி படத்தில் ஒளிர்ந்தது.

1981-ல் ஜேம்ஸ் சிஸன் தலைமையிலான குழு மனிதர்களில் இந்தக் கட்டியை ஸ்கேனில் காட்டியது. 1984-ல் அதே குழு அடுத்த படி ஏறியது. படம் எடுக்கக் கொடுத்த அதே மருந்தை, அளவைப் பலமடங்கு கூட்டி, ஆபரேஷன் செய்ய முடியாத ஒரு சில நோயாளிகளுக்குச் சிகிச்சையாகக் கொடுத்து முடிவை வெளியிட்டார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கியது, ஹார்மோன் குறைந்தது. சிலருக்குப் பலனில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

11.
இதில் என்னை அசத்தும் விஷயம் ஒன்று உண்டு. அட்ரீனலின் குடும்பத்தோடு இந்தக் கட்டிக்கு இருக்கும் உறவுதான் அதை ஆபத்தானதாக ஆக்குகிறது. அதே உறவைத்தான் வாசலாகப் பயன்படுத்தி மருந்து உள்ளே போகிறது. எலி எந்தக் கருவாட்டு வாசத்துக்கு வருமோ அதைத்தானே பொறியில் வைப்போம்? அதே கணக்கு.

உள்ளே போன அயோடின்-131 இரண்டு வகைக் கதிரை விடும். பீட்டா கதிர் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் ஆற்றலைக் கொட்டிப் பக்கத்துச் செல்களை அழிக்கும். காமா கதிர் வெளியே வரும். அதை வைத்துத்தான் மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று படம் எடுக்கிறோம்.

12.
நடைமுறையில் எப்படி இருக்கும்? அந்தத் தம்பி கேட்டதும் இதைத்தான்.

முதலில் சிறிய அளவில் கொடுத்து ஸ்கேன். கட்டி மருந்தை உறிஞ்சினால் மட்டுமே சிகிச்சை. உறிஞ்சாத கட்டிக்குக் கொடுத்தால் கெடுதல் மட்டும்தான் மிஞ்சும்.

தைராய்டு இந்த அயோடினைத் திருடிவிடக் கூடாது என்பதற்காக, முன்கூட்டியே சாதாரண அயோடின் சொட்டோ மாத்திரையோ கொடுத்து அதன் வயிற்றை நிரப்பிவிடுவோம்.

லேபெட்டலால், சில மனச்சோர்வு மாத்திரைகள், சில சளி மருந்துகள் அந்த வாசலை அடைத்துவிடும். சாப்பிடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

பிறகு ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏறும். வெட்டு, தையல் எதுவும் கிடையாது. கதிர் குறையும் வரை சில நாள் தனி அறை. அயோடின்-131-ன் அரை ஆயுள் 8 நாள். வீட்டுக்கு வந்த பிறகும் கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகளிடமிருந்து சில நாள் தள்ளி இருக்கச் சொல்வார்கள். தீண்டாமை என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுச் சொல்லும் பாதுகாப்பு அது.

13.
பலன் எவ்வளவு? சர்க்கரை தடவாமல் சொல்கிறேன்.

17 ஆய்வுகளில் இருந்த 243 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து 2014-ல் ஒரு தொகுப்பு வந்தது. கட்டி முழுக்க மறைந்தவர்கள் 3 சதவீதம். ஓரளவு சுருங்கியவர்கள் 27 சதவீதம். வளராமல் அப்படியே நின்றவர்கள் 52 சதவீதம்.

அந்த 3-ஐப் பார்த்து மனசு உடையலாம். 52-ஐப் பாருங்கள். வளர்ந்துகொண்டே போகும் கட்டி நின்றுவிடுவது சின்ன விஷயமில்லை. ஐந்து பிரஷர் மாத்திரை மூன்றாகக் குறைவது, ராத்திரி படபடப்பு இல்லாமல் தூங்குவது, எலும்பு வலி தணிவது. இந்தச் சிகிச்சையின் இலக்கு இதுதான். "குணமாகிடும்" என்று யாராவது உறுதி கொடுத்தால் சந்தேகப்படுங்கள். "பிரயோஜனமே இல்லை" என்றாலும் சந்தேகப்படுங்கள்.

பக்கவிளைவுகளும் உண்டு. எலும்பு மஜ்ஜை சோர்ந்து ரத்த அணுக்கள் குறையும், குறிப்பாகத் தட்டணுக்கள். வாந்தி, களைப்பு வரும். தைராய்டு மந்தமாகலாம். அபூர்வமாகப் பல வருஷம் கழித்து ரத்தப் புற்று வரலாம். மருந்து ஏறும்போதே பிரஷர் எகிறலாம் என்பதால் ஆல்ஃபா பிளாக்கர் இங்கேயும் அவசியம்.

14.
எல்லாக் கட்டிக்கும் இந்த வாசல் இருப்பதில்லை. அதற்கு இன்னொரு வாசல் கிடைத்தது. இதுபோன்ற பல கட்டிகளின் மேற்பரப்பில் சோமடோஸ்டாடின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருக்கும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் எரிக் கிரென்னிங் குழு 1989-ல் அதைப் பயன்படுத்திக் கட்டிகளைப் படம் எடுத்துக் காட்டியது. பின்னாளில் அதே வழியில் லுட்டீசியம்-177-ஐ ஏற்றி அனுப்பினார்கள். இதுதான் லுட்டீசியம் டோட்டாடேட். அமெரிக்கா 2018-ல் இதைக் குடல், கணையக் கட்டிகளுக்கு அங்கீகரித்தது. நம் கட்டிக்கும் மருத்துவர்கள் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். இங்கேயும் அதே விதி: ஸ்கேனில் ஒளிர்ந்தால்தான் சிகிச்சை.

15.
அதே 2018 ஜூலையில் இன்னொரு நல்ல செய்தி. எம்.ஐ.பி.ஜி-யின் மேம்பட்ட வடிவமான அசெட்ரா என்ற மருந்தை அமெரிக்க எஃப்.டி.ஏ அங்கீகரித்தது. ஆபரேஷன் செய்ய முடியாத ஃபியோகுரோமோசைட்டோமா, பாராகேங்லியோமாவுக்கென்றே அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து. 68 பேரிடம் நடந்த ஆய்வில் 17 பேருக்குப் பிரஷர் மாத்திரைகளின் தேவை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்து, குறைந்தது 6 மாதம் அப்படியே இருந்தது.

1886-லிருந்து 132 வருஷம் காத்திருந்து கிடைத்த மருந்து. எத்தனை வருஷம் இருந்தது தெரியுமா?

ஆறுக்கும் குறைவு. 2023-ல் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். 2024-ல் நின்றுவிட்டது. மருந்தில் குறை கண்டுபிடித்து நிறுத்தவில்லை. வணிகக் காரணம். அரிய நோய்க்கு வாங்குவோர் குறைவு, அவ்வளவுதான்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு ரொம்ப வலிக்கும் இடம் இது. ஒரு மருந்தைக் கண்டுபிடிக்க ஹெர்ட்ஸ், ஆக்ஸல்ராட், வீலண்ட், சிஸன் என்று நாலு தலைமுறை அறிவு தேவைப்பட்டது. நிறுத்த ஒரு கணக்குப் பேரேடு போதுமாக இருந்தது. 2025 மே மாதம் பெல்சுடிஃபான் என்ற மாத்திரைக்கு இதே நோய்க்காக அங்கீகாரம் கிடைத்தது ஆறுதல்.

16.
அப்போ நம் நாட்டில்? இங்கே ஒரு நல்ல விஷயம் சொல்லணும். பழைய வகை அயோடின்-131 எம்.ஐ.பி.ஜி-யை மத்திய அரசின் அணுசக்தித் துறையைச் சேர்ந்த பிரிட் அமைப்பு தயாரித்து மருத்துவமனைகளுக்கு வழங்கி வருகிறது. லுட்டீசியம்-177 மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் தயாராகிறது. அரிய நோயாளிக்கான மருந்து லாபக் கணக்குக்கு வெளியேயும் கிடைக்க வேண்டும் என்றால், அரசு நிறுவனங்கள் ஏன் தேவை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் என்னிடம் இல்லை.

17.
அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். உங்கள் வீட்டிலும் இந்த நிலை வந்தால் டாக்டரிடம் கேளுங்கள்:

ஆபரேஷன் ஏன் முடியாது? கட்டியின் இடமா, பரவலா, உடம்பின் பலவீனமா?
எம்.ஐ.பி.ஜி ஸ்கேனிலோ டோட்டாடேட் பெட் ஸ்கேனிலோ கட்டி ஒளிர்கிறதா?
கட்டி இப்போது வளர்கிறதா? நின்றிருக்கிறது என்றால் கொஞ்ச காலம் கண்காணித்தால் போதுமா?
ரத்த அணுக்கள், கிட்னி இந்தச் சிகிச்சையைத் தாங்குமா?
மரபணுப் பரிசோதனை செய்தாச்சா?

இந்தக் கேள்விகளைக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் எம்.பி.பி.எஸ் படித்த பொது மருத்துவர். இறுதி முடிவு எண்டோகிரைன், நியூக்ளியர் மெடிசின், புற்றுநோய் நிபுணர்கள் சேர்ந்து எடுக்க வேண்டியது. பணம் கட்டும் முன் இந்த மூவரில் குறைந்தது இருவரையாவது பார்த்துவிடுங்கள் என்றேன்.

18.
அந்தக் கடைசிக் கேள்வி, மரபணு. அதை ஏன் சேர்த்தேன் என்று சொல்ல அந்த ஃப்ரைபர்க் பொண்ணிடம் திரும்பப் போகணும்.

2007-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அவளுடைய குடும்பத்தைத் தேடிப் போனார்கள். அவள் இறந்து 120 வருஷம் ஓடிவிட்டது. இன்று வாழும் அவளுடைய உறவினர்களைக் கண்டுபிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு ரெட் என்ற மரபணுவில் பிழை. அட்ரீனல் கட்டியும் ஒரு வகைத் தைராய்டு புற்றுநோயும் பரம்பரையாக வரக் காரணமான பிழை அது. 1886-ல் யாருக்கும் புரியாமல் இறந்துபோன பெண்ணுக்கு நோயின் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

இந்தக் கட்டி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குக் காரணம் பரம்பரைப் பிழைதான். அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் பரிசோதனை வேண்டும். சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். "ஆபரேஷன் முடியாது" என்ற வார்த்தையை அடுத்த தலைமுறை கேட்காமலே போகலாம்.

அம்மாவுக்கு ஸ்கேன் தேதி வாங்கிட்டேன் என்று அந்தத் தம்பி நேற்று எழுதியிருந்தார். "உங்க ரத்தத்தையும் கொடுத்துடுங்க தம்பி" என்று பதில் போட்டிருக்கிறேன்.

சின்ன வயசிலேயே பிரஷர், கூடவே திடீர் தலைவலி, வியர்வை, படபடப்பு என்று யாராவது சொன்னால் இந்த இழையை அவர்களுக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.